கடனோடு வெளிநாடு செல்பவர் புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூர், மலேசியாவுக்கோ முதன்முறையாக வேலைக்குப் புறப்படுகிறவர்களில் பலருக்கு ஊரில் ஏதோ ஒரு கடன் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கடனை அடைப்பதற்காகவே போகிறவர்களும் உண்டு. கடன் பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் வெளிநாடு செல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாங்கிய கடனைக் கட்ட முடியாமற்போவதும் குற்றம் அன்று. அது உரிமையியல் வழக்குக்கு உரிய விஷயம். ஆனால் யாரிடமும் சொல்லாமல், எந்த ஏற்பாடும் செய்யாமல் போய்விட்டால், குற்றமல்லாத அந்தக் கடனே சில மாதங்களில் குற்ற வழக்காக மாறிவிட முடியும்.

நான் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பணியாற்றிய காலத்தில், ஒரு தாயார் துணிப்பையிலிருந்து நான்கு பதிவுத் தபால்களை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மகன் பேருக்கு வந்ததை மகன் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மூன்றாவது உறையில் இருந்தது, காசோலை திரும்பியதற்காக ஒரு வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு. அதில் கொடுத்திருந்த 15 நாள் கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகனிடம் அப்போது பணம் இருந்தது. யாராவது படித்துச் சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பான் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. போகிறவர் போய்விடுகிறார், கடன் மட்டும் வீட்டில் இருப்பவர்களிடம் தங்கிவிடுகிறது. அவர்களை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறேன்.

1. எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்

பயணத் தேதி உறுதியாவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. யாரிடம் வாங்கியது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், என்ன ஆவணம் கொடுத்திருக்கிறீர்கள், யார் ஜாமீன் போட்டார்கள் என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வங்கிக் கடன் நினைவில் இருக்கும். மறந்துபோவது தவணையில் வாங்கிய கைப்பேசி, செயலியில் எடுத்த சிறு கடன், ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும் பழைய கிரெடிட் கார்டு, எப்போதோ நண்பருக்குப் போட்ட ஜாமீன் ஆகியவைதான். இவற்றைக் கண்டுபிடிக்க உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நீங்கள் வாங்காத கடன் ஏதேனும் உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

அறிக்கையில் வராத கடன்களே நம் ஊர்களில் அதிகம். கைமாற்று, புரோநோட்டுக் கடன், தண்டல், அடகுக்கடை நகை, எடுத்து முடித்த சீட்டின் மிச்சத் தவணைகள் ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். சீட்டை முன்னதாகவே எடுத்துவிட்டவர் அதன்பின் கட்ட வேண்டிய ஒவ்வொரு தவணையும் கடன்தான். குழுக் கடனும் அப்படியே. வீட்டுவேலைக்காக வளைகுடா செல்லும் பெண் தன் குழுவில் வாங்கிய கடனைக் கட்டாமல் போனால், வாரந்தோறும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர்கள் அதே தெருவில் உள்ள மற்றப் பெண்கள்தான். ஆகவே அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள்.

2. எதை முதலில் அடைப்பது என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று சொல்கிறோம். வங்கி ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே அளவில் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய் வட்டியாக மட்டுமே போகும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கிரெடிட் கார்டு அறிக்கையில் மாதம் 3.5 சதவீதம் என்று இருந்தால், அது மூன்றரை வட்டி, ஆண்டுக்கு 42 சதவீதம். வங்கியின் தனிநபர் கடன் ஆண்டுக்கு 14 சதவீதம் என்றால் அது ஒன்றேகால் வட்டிக்கும் குறைவு. தண்டலில் 10,000 ரூபாய்க்கு 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளைக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அசலையும் நாள்தோறும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் சராசரியாகப் பாதித் தொகைதான் உங்கள் கையில் நிற்கிறது; அந்தக் கணக்கில் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே கையில் ஒரு தொகை வந்தால், வங்கி மேலாளரைப் பார்த்துக் கூசி வங்கிக் கடனை முதலில் முடிப்பதைவிட, தண்டலையும் ஐந்து வட்டியையும் முடிப்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

வட்டிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஜாமீன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128இன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. நீங்கள் துபாயிலோ தோஹாவிலோ இருக்கும்போது வங்கி உங்களைத் தேடிக் களைத்த பிறகுதான் ஜாமீன் போட்ட மாமாவிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேராக அவரிடமே போகலாம். அவர் அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால் பெரும்பாலும் அவரிடம்தான் போவார்கள், ஏனெனில் அவர் கையருகில் இருக்கிறார். உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் புறப்படுவது மரியாதைக்காக மட்டும் அல்ல. ஒரு தவணை தவறினால் உங்களுக்கு உடனே தகவல் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார்.

3. புரோநோட்டையும் கையெழுத்திட்ட காசோலையையும் ஊரில் விட்டுச் செல்லாதீர்கள்

தனியாரிடம் கடன் வாங்கும்போது தொகை நிரப்பாத புரோநோட்டிலும், தேதி போடாத காசோலையிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. ஊரில் இருக்கும்வரை முகம் பார்த்துப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். நீங்கள் இல்லாதபோது அதே தாளில் வேறு தொகை எழுதப்பட்டால், மறுப்பதற்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். முழுத் தொகையையும் கொடுக்க முடிந்தால், கொடுத்த அன்றே புரோநோட்டை வாங்கி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் உள்ள உங்கள் கையெழுத்தைச் சரிபார்த்து, 'முழுதும் பைசல்' என்று கடன் கொடுத்தவர் கையால் எழுதிக் கையொப்பமிடச் செய்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பகுதித் தொகை மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால், புரோநோட்டின் பின்புறத்தில் தேதியோடு வரவு எழுதச் செய்து, அதைக் கைப்பேசியில் இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் கொடுக்கப்போவதை ரொக்கமாக இல்லாமல் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுப்பேன் என்று சொல்லி, அவருடைய கணக்கு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு எண் தர மறுக்கிறவரிடம் நிலுவை வைத்துவிட்டுப் போவது ஆபத்து என்றே நான் கருதுகிறேன்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தடைசெய்கிறது. மூன்று ஆண்டுகள்வரை சிறைத் தண்டனையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். மிரட்டல் இருந்தால் புறப்படுவதற்கு முன் நீங்களே எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, அதற்கான ரசீதை வாங்கி வீட்டில் வையுங்கள். நீங்கள் போனபின் மனைவியோ தாயோ தனியாகக் காவல் நிலையம் போவதைவிட அது மேல்.

4. நகைக்கடன்

நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கெடுவில் கொடுக்கப்படுகிறது. கெடு முடிந்தால் மீட்க வேண்டும் அல்லது மறு அடகு வைக்க வேண்டும், இரண்டுக்கும் அடகு வைத்தவர் நேரில் வர வேண்டும் என்று பல கிளைகளில் கேட்பார்கள். நீங்கள் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போகிறீர்கள் என்றால் நடுவில் கெடு வந்து, ஏல அறிவிப்பும் வந்துவிடும். ஆகவே போவதற்கு முன்பே நகையை மீட்டு, தேவைப்பட்டால் ஊரில் இருக்கப்போகும் மனைவி அல்லது தாயின் பெயரில் புதிதாக அடகு வைத்துவிடுங்கள்.

5. வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்

பலர் அஞ்சும் படி இதுதான். வெளிநாடு போவதைச் சொன்னால் வங்கி தடுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகத் தவணை கட்டிவருபவர் நல்ல வேலைக்குப் போகிறார் என்பது வங்கிக்கும் நல்ல செய்திதான். கடன் எண், புதிய முகவரி, வேலை தரும் நிறுவனம், மின்னஞ்சல், ஊரில் தொடர்புகொள்ள வேண்டியவர் பெயர் ஆகியவற்றை எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999இன்படி, வேலைக்காக வெளிநாடு செல்பவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைப் போடுவதற்குத் தனியாக என்ஆர்இ கணக்கு தொடங்கலாம். முன்பே வாங்கிய கடனை இந்த இரண்டு கணக்குகளிலிருந்தும் கட்டலாம். உறவினர் தம் கணக்கிலிருந்து கட்டினாலும் தவறில்லை. இங்கேதான் ஒரு சிறிய கவனக்குறைவு பலரைப் பெரிய தொல்லையில் தள்ளுகிறது. மாதத் தவணை தானாகப் பிடிக்கப்படுவதற்கு நீங்கள் கொடுத்த அனுமதி பழைய கணக்கு எண்ணோடு இணைந்தது. கணக்கை மாற்றும்போது எண் மாறினாலோ, பழைய கணக்கு மூடப்பட்டாலோ, அடுத்த மாதமே தவணை திரும்பிவிடும். உங்களிடம் பணம் இருந்தும் திரும்பும். ஆகவே கணக்கு மாற்றத்தைக் கேட்கும் அதே நாளில், கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்திடமும் புதிய அனுமதிப் படிவம் கொடுத்து, புதிய கணக்கிலிருந்து ஒரு தவணையாவது பிடிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

முதல் சம்பளம் எப்போது கைக்கு வரும் என்பதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். அடையாள அட்டை வரவேண்டும், அதன்பின் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடலாம். ஆகவே மூன்று மாதத் தவணைக்கான தொகையைக் கணக்கில் போட்டுவைத்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. மாதத் தவணை 8,200 என்றால் 24,600 ரூபாய். இதை ஒதுக்கி வைக்க முடியவில்லை என்றால், வழியனுப்பு விருந்தைக் குறைத்தாவது ஒதுக்குங்கள்.

இந்தியக் கைப்பேசி எண்ணையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. 90 நாட்களுக்கு மேல் எந்தப் பயன்பாடும் இல்லாத எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, கத்தார், ஓமன் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணையே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023இல் வழி செய்யப்பட்டது. உங்கள் வங்கியில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

6. தவணை ஏற்கெனவே தவறியிருந்தால்

தவணை 90 நாட்களுக்கு மேல் தவறினால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிவிடுகிறது. அதற்கு முன் போய்ப் பேசினால் கெடுவை நீட்டித்துத் தவணையைக் குறைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு பேசினால் பேச்சு பெரும்பாலும் ஒருமுறைத் தீர்வை நோக்கித்தான் போகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். பேசிக் குறைத்த தொகைக்கு முடித்த கடன், அறிக்கையில் 'செட்டில்ட்' என்று நிற்கும். முழுதும் கட்டியது 'குளோஸ்டு' என்று நிற்கும். கடன் விவரங்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் அறிக்கையில் வைத்திருக்கப்படுவதால், ஊர் திரும்பி வீட்டுக் கடன் கேட்கும்போது 'செட்டில்ட்' என்ற சொல் உங்களைத் தடுக்கக்கூடும். வேறு வழியே இல்லாதவருக்குத் தீர்வும் நல்லதுதான். ஆனால் தொகை, கெடு, அதன்பின் பாக்கி எதுவும் இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் நிறுவனத்தின் கடிதத்தில் இருந்தால் மட்டுமே பணம் கட்டுங்கள். வசூல் முகவர் தொலைபேசியில் சொல்வது போதாது.

நீதிமன்ற வளாகங்களில் நடக்கும் மக்கள் நீதிமன்றம் இதற்கு நல்ல இடம். வழக்குத் தொடர்வதற்கு முன்பே கடன் விவகாரங்களை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் இல்லை, அங்கே எட்டிய உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, அதன்மேல் முறையீடும் இல்லை. மாவட்ட அல்லது வட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்தில் விசாரித்தால் அடுத்த அமர்வின் தேதியைச் சொல்வார்கள்.

7. கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்

காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138 வருகிறது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்ற வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகள்வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தானாகப் பிடிக்கப்படும் மாதத் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் பிரிவு 25இல் இதே போன்ற தண்டனை இருக்கிறது. நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து வராதவருக்குப் பிடிவாரண்டு பிறப்பிக்கப்படலாம். அதன் தொடர்ச்சியாக லுக் அவுட் நோட்டீஸ் போடப்பட்டால், விடுமுறைக்கு வரும்போது திருச்சி விமான நிலையத்திலேயே நிறுத்தப்படுவீர்கள். பொதுத்துறை வங்கிகள் தாமே இத்தகைய நோட்டீசைக் கோரும் அதிகாரம் செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்ற வாரண்டின் அடிப்படையில் வருவது வேறு.

மூன்று ஆண்டு ஓடிவிட்டால் கடன் காலாவதி ஆகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சாதாரணப் பணக் கடனுக்கு மூன்று ஆண்டு என்பது சரிதான். ஆனால் காலவரையறைச் சட்டம், 1963, பிரிவு 15இன் ஐந்தாம் உட்பிரிவின்படி, எதிர்வாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலம் அந்த மூன்று ஆண்டுக் கணக்கில் சேர்வதில்லை. எட்டு ஆண்டு குவைத்தில் இருந்துவிட்டு வந்தாலும் கெடு நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கிடையே வழக்கு நடந்து, நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் வந்திருக்கலாம்.

அங்கே போய் வாங்கும் கடனுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரக நீதிமன்றங்களின் தீர்ப்பை இந்தியாவில் நிறைவேற்றுவதற்கான அறிவிக்கை 2020 ஜனவரி 17 அன்று வெளியானது. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகியவை அதற்கு முன்பிருந்தே அத்தகைய நாடுகளின் பட்டியலில் உள்ளன. அங்கே கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று அறையில் உடன் தங்கியிருப்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

8. போவதற்காகவே வாங்கும் கடன்

உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத வரியும்தான், மொத்தம் 35,400. ஒரு லட்சம், இரண்டு லட்சம் கேட்கிறவருக்காக ஐந்து வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன், இந்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் அவருடைய உரிமத்தைத் தேடிப் பாருங்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். எண்ணிப் பார்க்க மனம் வராத விஷயம்தான். இருந்தாலும் அந்தப் பாலிசியின் நகல் வீட்டில் இருக்கட்டும்.

9. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கோப்பு

முதலில் எழுதிய நோட்டு, கடன் ஒப்பந்தங்களின் நகல், ரசீதுகள், வங்கிக்குக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து விளக்குங்கள். பதிவுத் தபால் வந்தால் அன்றே பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். உறையையும் எறியக் கூடாது, அதன்மேல் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதி பின்னால் உதவும். நிலத்தை விற்றுக் கடனை அடைக்கவோ நீதிமன்ற வேலைக்கோ அதிகாரம் கொடுக்க வேண்டியிருந்தால், எல்லா அதிகாரமும் தரும் பொதுப் பவரைத் தவிர்த்து, குறிப்பிட்ட ஒரு செயலுக்கு மட்டும் சிறப்புப் பவர் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்து மூலமாகப் புகார் செய்யுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில், வெளிநாட்டில் இருந்தபடியே, முறையிடலாம். கடனில் கையெழுத்திடாத மனைவியோ பெற்றோரோ தம் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டிய கடமை இல்லை என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வழக்கு வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

10. கடைசித் தவணை கட்டிய பிறகு

கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால், முழுதும் கட்டிய 30 நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை மீண்டும் எடுத்து, கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். தவறாக இருந்து நீங்கள் முறையிட்டால் 30 நாட்களுக்குள் திருத்த வேண்டும், அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. சான்றின் ஒரு நகலை ஜாமீன் போட்டவருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்தக் கடன் அவருடைய அறிக்கையிலும் இருந்திருக்கும்.